கண்ட பின்பே கருத்து

கலையை மதிப்பிடப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க விரும்புகிறோம். ஆயினும் 'நன்று', 'நன்றன்று' என்னும் இரண்டு தீர்ப்புகளையே பெரும்பாலும் கற்பிக்கிறோம். இரண்டும் காண்பதற்கு முன்பே வந்துவிடுகின்றன.

தருமபுரியில் தமிழகத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் இம்மாவட்டத்து நடுகற்கள் வைக்கப்பட்டுள்ளன. ஆநிரை மீட்கவும் கவரவும் போரிட்டு மடிந்தோர்க்கு அக்கால மக்கள் எடுத்த கற்கள் அவற்றுள் உண்டு. பல்லவர் காலத்துக் கற்கள் பலவற்றில் வட்டெழுத்தும் உண்டு. அவற்றின்முன் நிற்கும் சிறுவன், "உடல் ஒருபுறம், கால் வேறுபுறமாக இருக்கிறதே!" என்று நகைக்கக்கூடும். அதட்டினால் அவன் வாய் மூடும், கண் திறவாது. "கையில் ஏந்தியிருப்பது என்ன? சிற்பி எதைப் பெரிதாகக் காட்டியுள்ளார்? ஏன்?" என்று கேட்போம். அவன் கண்ட குறை பொய்யன்று. ஆனால் அதுவே முழுமையும் அன்று.

நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சியில் தொடங்கி வாழ்த்தலில் முடிக்கிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பதே அங்குக் காட்சி. கலையை மதிப்பிடுவோர்க்கும் இவ்வரிசை பொருந்தும்: முதலில் காணல், பிறகே சொல்லல்.

நடுகல்லின் சிற்பி நம் நகைப்பைக் கேளார். பக்கத்து இருக்கையில் படம் வரையும் சிறுமியோ கேட்பாள். வண்ணப் பென்சிலை அன்றே மூடி வைத்துவிடுவாள். அதற்காகப் பொய்யாய்ப் புகழ்வதும் தீர்வாகாது. பாராமல் இகழ்வது போன்றதே பாராமல் புகழ்வதும். இரண்டிலும் அவள் உழைப்பு காணப்படாமலே போகிறது. "இம்மரத்தின் நிழல் நன்கு விழுந்துள்ளது; வீடு ஏன் சாய்ந்திருக்கிறது?" என்று வினவும் தோழன், உண்மையையும் அன்பையும் ஒருங்கே காக்கிறான்.

நம் பிள்ளை தன் ஓவியத்தை நம்மிடம் நீட்டும்போது, எத்தனை நொடி அதை நாம் பார்க்கிறோம்?