ஓய்வும் மீட்சியும்

குறிகட்டுவானிற் படகேறி, நெடுந்தீவிற் குடும்பத்தோடு சில நாள்களைக் கழித்து மீள்வோர், தீவை விடுதலையாகவும் அன்றாட வாழ்வைச் சுமையாகவும் கருதுவது இயல்பு. ஆயின், இக்கருத்து ஆராயற்பாலது.

முருகைக்கல் வேலிகளும் கட்டாக்காலிக் குதிரைகளும் பெருக்குமரமும் வருவோர்க்குக் காட்சிப் பொருள்கள். ஆங்கு வாழ்வோர்க்கோ நன்னீர்த் தட்டுப்பாடும், கடல் கொந்தளிக்குமிடத்துத் தடைப்படும் படகுப் போக்குவரத்துமே அன்றாடம். எனவே, நாம் துய்த்த அமைதி தீவின் இயல்பன்று. பொறுப்புகளினின்று தற்காலிகமாக நீங்கியமையின் விளைவேயாகும். அந்நீக்கமும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. தீவிலும் அடுப்படியில் நின்ற தாய்க்கு மாறியது இடம் மட்டுமே.

அங்ஙனமாயின், மீள்தல் இழப்பாகுமா? விருந்தினர் நிலையினின்று கடப்பாடுடையோர் நிலைக்குத் திரும்புவதே அது. பெற்ற ஓய்வின் அறப்பயன், அதனைப் பெறாதாரின் வேலையைப் பகிர்ந்துகொள்வதிலேயே தங்கியுள்ளது.