நெற்றித் திரையும் நாணமும்

நரையையும், முகச்சுருக்கமாகிய திரையையும் விரும்பி வரவேற்பார் உலகத்து ஒருவருமிலர். முற்காலத்தார் அவற்றைத் தடுக்கும் வழியறியாதிருந்தனர். இக்காலத்தாரோ திரையை மாத்திரம் சில மாதங்களுக்குத் தடுத்துவைக்கும் வழியை அறிந்திருக்கின்றனர். நெற்றித் தசைகளிலே ஒரு நஞ்சினை மிகச் சிறிய அளவாக ஊசியால் ஏற்றுதலே அவ்வழியாம். 'பொடொக்ஸ்' என்னும் வியாபாரப் பெயரால் அதனைப் பலரும் அறிவர்.

அண்மையில் ஐம்பது வயதை அணுகிய ஓர் ஆசிரியை, "இவ்வூசியை யான் ஏற்றுக்கொள்ளுதல் பிழையாகுமா?" என எம்மை வினாவினார். அவர் விளையாட்டாக வினாவினாரல்லர். அவருடைய மாணாக்கி ஒருத்தி, "நீங்கள் எப்பொழுதும் எங்கள்மீது ஏன் சினந்திருக்கின்றீர்கள்?" என்று அவரைக் கேட்டாளாம். அவருக்கோ அப்பொழுது சினமென்பது சிறிதுமில்லை. புருவங்களின் நடுவே ஆழ்ந்துவிட்ட இரண்டு கோடுகளே அச்சிறுமியை அவ்வாறு எண்ணச் செய்தன. இவ்வினாவை எளிதிற் றள்ளிவிடுதல் தகாதென்று கருதி, அதனை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

முன்னர் இம்மருந்தின் வரலாற்றை அறிதல் வேண்டும். யேர்மனியின் வூர்ட்டெம்பேர்க் நாட்டிலே, குடலில் அடைத்துப் பதஞ்செய்த இறைச்சியை உண்டோர் சிலர் பார்வை மங்கி, விழுங்கமாட்டாதவராய், மூச்சொடுங்கி இறந்தனர். யுஸ்ரினஸ் கேர்ணர் என்னும் வைத்தியர் 1820ஆம் ஆண்டிலும் 1822ஆம் ஆண்டிலும் அந்நோயைக் குறித்து விரிவாக எழுதினார். அவ்விறைச்சியுணவின் இலத்தீன் பெயராகிய 'பொட்டுலஸ்' என்பதினின்றே 'பொட்டுலினம்' என்னும் பெயர் பிறந்தது. 1895ஆம் ஆண்டிலே பெல்ஜியத்தில், ஒரு மரணச் சடங்குக்கு வாத்தியம் வாசிக்கச் சென்றோர் பன்றியிறைச்சியை உண்டு நோயுற்றனர். அவருள் மூவர் இறந்தனர். அதனை ஆராய்ந்த வான் எர்மெங்கெம் என்னும் அறிஞர், அந்நஞ்சைப் பிறப்பிக்கும் பற்றீரியாவைக் கண்டறிந்தார்.

நரம்பின் நுனியிலிருந்து தசைக்கு ஏவலைக் கொண்டுசெல்லும் பொருளொன்று உண்டு. அது வெளிப்படாவண்ணம் இந்நஞ்சு தடுக்கின்றது. ஏவல் பெறாத தசை சுருங்காது. மூச்சுக்குரிய தசைகள் இவ்வாறு அடங்குமாயின் உயிர் போம். புருவத்திற்குரிய தசைகள் அடங்குமாயின் நெற்றி மடியாது. அளவும் இடமுமே இவ்விரண்டனையும் வேறுபடுத்துவன.

இதனை முதலில் மருந்தாக்கியவர்கள் அழகை நாடினாரல்லர். சன்பிரான்சிஸ்கோ நகரத்துக் கண்வைத்தியராகிய அலன் ஸ்கொற் என்பவர் மாறுகண்ணைச் செம்மைப்படுத்த இதனைக் கையாண்டார். 1989ஆம் ஆண்டில் அமெரிக்க அரசினர் மாறுகண்ணுக்கும், இமைகள் தாமாகவே இறுகி மூடும் நோய்க்கும் இதனை அங்கீகரித்தனர். கனடாவின் வான்கூவர் நகரத்திலே, அவ்விமைநோய்க்காக ஊசி பெற்ற பெண்ணொருவரின் நெற்றி அமைதியுற்றுத் தோன்றுதலை 1987ஆம் ஆண்டளவில் ஜீன் கறதேர்ஸ் என்னும் கண்வைத்தியர் அறிந்தார். அவரும் அவர்தம் கணவரும் தோல்வைத்தியருமாகிய அலஸ்ரெயரும் அதனை மேலும் ஆராய்ந்து 1992ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டனர். 2002ஆம் ஆண்டில் புருவநடுக் கோடுகளுக்கும் அங்கீகாரங் கிடைத்தது. இதன் பயன் மூன்று நான்கு மாதங்களளவே நிற்கும். பின்னர் மீண்டும் ஊசி வேண்டும். மீண்டும் பொருள் வேண்டும்.

இனி, வினாவுக்கு வருவாம். இஃது ஒரு வஞ்சனையென்பர் சிலர். 2021ஆம் ஆண்டிலே சவூதி அரேபியாவில் நடந்த ஒட்டக அழகுப் போட்டியொன்றில், இவ்வூசி முதலிய செயற்கை முறைகளைக் கையாண்டமை வெளிப்பட்டு, நாற்பதுக்கு மேற்பட்ட ஒட்டகங்கள் விலக்கப்பட்டன. அங்கே வஞ்சனை உண்டென்பது தெளிவு. இயற்கையழகுக்கே பரிசென்று யாவரும் உடன்பட்ட இடத்தில், ஒருவர் செயற்கையைப் புகுத்திப் பிறருடைய பரிசைக் கவர முயன்றாராதலின். ஆனால், தம் நெற்றியிலே ஊசி ஏற்றிக்கொள்ளும் ஆசிரியை யாருடைய பரிசைக் கவர்கின்றார்? மானுட வாழ்வை ஒட்டகப் போட்டியாகக் கொள்வார்க்கன்றோ அவர் வஞ்சகராகத் தோன்றுவர்? ஆதலின், இக்குற்றச்சாட்டு நிலைபெறாது.

இயற்கையாகிய உடம்பை மாற்றுதலே பிழையென்பர் வேறு சிலர். அங்ஙனமாயின், மூக்குக்கண்ணாடியும் கட்டுப்பல்லும் பிழையாதல் வேண்டும். உடம்பு உயிருக்குக் கருவியென்பது நம்மவர் கொள்கை. கருவி பழுதுபட்டவிடத்துத் திருத்துதல் கடமையேயன்றிக் குற்றமன்று. கண்ணாடி காண்டற்கு உதவுகின்றது. கட்டுப்பல் மெல்லுதற்கு உதவுகின்றது. இமைநோயுற்றார்க்கும், கழுத்துத் திருகி வருந்துவார்க்கும், நாட்பட்ட ஒற்றைத் தலைவலியால் நலிவார்க்கும் இதே நஞ்சு பெருந்துணையாயிற்று. இவையெல்லாம் கருவியின் தொழிலை மீட்டுத்தருவன.

திரைக்கு ஏற்றும் ஊசியோ ஒரு தொழிலைக் குறைத்தே தோற்றத்தைத் தருகின்றது. முகத்தின் தொழில் யாது? அகத்திலுள்ளதைப் பிறர்க்கு உணர்த்துதல். ஐயமும் இரக்கமும் கவலையும் சிந்தனையும் புருவநடுவிலே தோன்றுவன. நம் முகத்தை நாம் கண்ணாடியிற் காணும் நேரம் மிகச் சிறிது. பிறரே அதனை நாள்முழுதும் காண்கின்றனர். அவருள்ளும் பள்ளிப் பிள்ளைகள் தம் ஆசிரியரின் முகத்தைப் பாடப்புத்தகத்தினும் கூர்ந்து வாசிக்கின்றனர். அந்த ஏட்டிலே சில எழுத்துக்களை அழித்துவிடுதல் இழப்பேயாகும்.

"என் நெற்றியிலுள்ள எழுத்துப் பொய்யெழுத்தாயிற்றே, இல்லாத சினத்தையன்றோ அது காட்டுகின்றது?" என்று அவ்வாசிரியை கேட்டார். இவ்வாட்சேபம் வலியுடையது. திரைகள் யாவும் மெய்யே பேசுவனவென்று யாம் சாதிக்கவில்லை. மூப்பெல்லாம் அறிவென்றும் கூறவில்லை. ஆயினும் நிகழ்ந்ததை நோக்குக. கோடு பொய் கூறிற்று. சிறுமி அதனை நம்பியிருந்துவிடாது வாய்விட்டுக் கேட்டாள். கேட்கத் துணிந்தவள் தன் ஆசிரியையை அஞ்சுகின்றவளல்லள். அக்கேள்விக்கு அன்போடு கூறும் ஒரு விடை, அவள் பிழையாக வாசித்ததைத் திருத்திவிடும். ஊசியோ அவள் பிழையாக வாசித்த எழுத்தோடு, நாளை அவள் செம்மையாக வாசிக்க வேண்டியவற்றையும் உடன் மறைக்கும். பிழைபட வாசித்த பிள்ளைக்கு மீண்டும் வாசிக்கக் கற்பிப்பதன்றோ நம் தொழில்?

இவ்வளவிற் கூறினோமாயினும், ஊசி ஏற்றிக்கொண்டாரை இகழ்தல் எமக்கு உடன்பாடன்று. முகம் முதிர்ந்ததென்னுங் காரணத்தால் வேலை மறுக்கப்பட்டுப் பிழைப்புக்காக இதனை நாடுவாரும் உளர். அவரிடத்துக் குற்றமில்லை, மறுத்தவரிடத்தே குற்றமுண்டு. மற்றவர்க்கும் எச்சரிக்கையே கூறுவோம், பழி கூறோம். தேர்ந்த வைத்தியரிடத்தும் இமை தாழ்தல் முதலிய தீங்கு சிலவேளை நேரும். 2024ஆம் ஆண்டிலே அமெரிக்காவில், போலி மருந்தையும் முறையற்ற ஊசியையும் ஏற்றுச் சிலர் வைத்தியசாலை சேர்ந்தனர். இங்கிலாந்திலே 2021ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு அழகின்பொருட்டு இவ்வூசியை ஏற்றுதலைத் தடுத்தது. திரையே தோன்றாத வயதினரும் திரைக்கு அஞ்சும் காலம் வந்துவிட்டமையாலன்றோ அச்சட்டம் வேண்டப்பட்டது?

அவ்வச்சத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டினவர் யார்? வியாபாரிகள் மாத்திரமென்று சொல்லி நாம் தப்பிக்கொள்ளலாகாது. நம் பாடசாலை நாடகங்களை நினைத்துப் பார்ப்போமாக. கொடியவளாக நடிக்கும் பிள்ளையின் முகத்திலே கரிகொண்டு கோடுகள் வரைகின்றோம். நகைப்புக்குரியவனாக நடிக்கும் பிள்ளைக்கு வெண்டலை சூட்டுகின்றோம். நல்லவர்களையெல்லாம் இளமுகத்தோடு மேடையேற்றுகின்றோம். வகுப்பிலே ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையைக் 'கிழவி' என்று பழிக்குங்கால் கேளாதவர்போல் இருந்துவிடுகின்றோம். திரையென்பது கொடுமை, திரையென்பது கேலி என்னும் பாடத்தைப் பாடவேளை குறியாமலே நாம் கற்பித்து வருகின்றோம். அப்பாடத்தை நன்கு கற்ற பிள்ளை, ஐம்பது வயதிலே கண்ணாடிமுன் நின்று நாணுதலில் வியப்பென்னை?

ஆதலின், ஆசிரியர்காள்! அடுத்த நாடகத்திலே நல்லவர் ஒருவருக்கும் அக்கரிக்கோடுகளை வரைந்து மேடையேற்றுங்கள். உங்கள் நெற்றியைக் குறித்துப் பிள்ளைகள் வினாவுவாராயின் மறையாது விடை கூறுங்கள். அக்கோடுகள் உண்மையிற் சினத்தால் வந்தனவாயின், மருந்து வேண்டியது நெற்றிக்கன்று, நெஞ்சுக்கென்பதை உணர்ந்து திருந்துங்கள். அவ்வாசிரியைக்கும் இவற்றையே கூறினோம். ஊசி ஏற்பதும் ஏலாததும் அவருடைய உரிமை. எதனைத் துணியினும், நாணத்தினால் துணியாதிருத்தல் வேண்டுமென்பதே எம் விருப்பம்.