கருணையின் உறுதி

துயரைக் கண்டதும் பிறக்கும் இரக்கம் விரைவில் களைத்துப்போகும். உதவி பெற்றவர் நன்றி மறந்தாலோ, எதிர்ப்பு எழுந்தாலோ, பலன் தாமதித்தாலோ அது வற்றிவிடும். வற்றாமல் காப்பது எது என்பது சமயச் சிந்தனையின் பழைய கேள்வி. எல்லா உயிரிலும் இறைவன் விளங்குவதால் உயிர்களுக்கு இரங்குவதே வழிபாடு என்பது வள்ளலார் கண்ட விடை. இரக்கம் வழிபாடாகிவிட்டால், பெறுபவரின் தகுதியும் நன்றியும் அதற்கு நிபந்தனையாக இருப்பதில்லை. 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் இன்றும் பசித்தவருக்குச் சோறு இடப்படுகிறது.

இந்த நம்பிக்கை ஒரு வாழ்நாள் உழைப்பாக விரிந்ததற்குச் சான்று கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். நிலக்கோட்டை வட்டாரத்தில், பட்டிவீரன்பட்டிப் பகுதியில், நிலமற்ற தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்தவர். வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதி வழிபாடும் காந்தியின் சர்வோதயமும் அவருக்கு இரு ஊன்றுகோல்கள். 1950இல் காந்தியத் தொண்டர் ஜெகந்நாதனை மணந்தார். நிலமுடையோரிடம் நிலத்தைத் தானமாகக் கேட்டுப் பெற்று நிலமற்றோருக்கு வழங்க வினோபா பாவே 1951இல் தொடங்கிய பூதான இயக்கத்தில் இருவரும் ஈடுபட்டனர்.

1968 டிசம்பர் 25 அன்று கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் நிலவுடைமையாளர் தரப்பினரால் எரித்துக் கொல்லப்பட்டனர். அதன்பின் இத்தம்பதியர் அப்பகுதிக்குச் சென்று பணியாற்றினர். நிலமுடையோரின் மனச்சாட்சியை நம்பிய ஒரு நெறிக்கு அப்படுகொலையைவிடக் கடுமையான சோதனை இருக்க முடியாது. அவர்கள் அநீதியை எதிர்த்து அறப்போர் நடத்தினர். நில உடைமையாளரோடு பேசுவதையும் விடவில்லை.

பூதானத்தின் மீது வலுவான விமர்சனம் உண்டு. தானமாக வந்த நிலத்தில் கணிசமான பகுதி சாகுபடிக்கு உதவாதது. பகிர்ந்தளிக்கப்படாமலே கிடந்ததும் உண்டு. கொடுப்பவர் மனம் மாறுவதை மட்டும் நம்பினால் இல்லாதவர் காத்துக்கொண்டே இருக்க நேரும். இவ்விமர்சனத்துக்கான விடை, உழுவோருக்கு நிலம் கிடைக்க 1981இல் இருவரும் நிறுவிய ‘லாஃப்டி’ அமைப்பின் செயல்முறையில் இருக்கிறது. நிலத்தை இனாமாகக் கேட்காமல், வங்கிக் கடன் பெற்று, பேசி முடித்த விலைக்கு வாங்கி, பெண்கள் பெயரில் பதிவுசெய்யும் வழி கண்டனர். குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒரு ஏக்கராக, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலம் பெற்றன. கடலோர விளைநிலங்களை இறால் பண்ணைகள் கெடுத்தபோது ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தை நாடினார்; 1996இல் அவ்வழக்கில் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

நம்பிக்கை மனிதரைச் செயலற்றவராக்கும் என்ற ஐயத்துக்கு இவ்வரலாறு பதிலளிக்கிறது. எல்லா உயிரும் ஒன்று என்ற பற்று இவர்களிடம் மாறவில்லை. வழிமுறையோ தானத்திலிருந்து கிரயத்துக்கும், அறப்போரிலிருந்து நீதிமன்றத்துக்கும் மாறிக்கொண்டே இருந்தது. உள்ளுறுதி வழிமுறையோடு ஒட்டிக்கொண்டால் அது பிடிவாதம். நோக்கத்தோடு ஒட்டியிருந்தால், ஒரு வழி அடைபடும்போது அடுத்ததைத் தேடச் சொல்லும். விளைவை உடனே எதிர்பாராத பொறுமையைச் சமய நம்பிக்கை தருகிறது. அப்பொறுமை சோம்பலாகாமல் காப்பது, துன்புறுவோரின் தேவையை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடும் அறிவு. இரண்டும் சேரும் இடத்தில்தான் கருணை நீடிக்கிறது.