கட்டாக்காலி விதை

சஸ்கச்சுவான் மாகாணத்தில் ப்ரூனோ என்ற சிற்றூரில் கமம் செய்த பர்சி ஷ்மைசரின் கதையைக் கனடாவில் இருக்கும் நம்மவர்கள் பலர் ஒரே வரியில் அறிந்திருப்பார்கள்: காற்றில் பறந்துவந்து விழுந்த விதைக்காக மொன்சாண்டோ நிறுவனம் ஒரு கிழவர்மேல் வழக்குப் போட்டது. 2020-இல் கிறிஸ்டோபர் வாக்கன் நடித்து வந்த படமும் ஏறக்குறைய அந்த மனநிலையில்தான் எடுக்கப்பட்டது. தீர்ப்பை உட்கார்ந்து வாசித்தால் கதை அவ்வளவு வசதியாக இல்லை. வசதியாக இல்லாததால்தான் அது என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நடந்தது இது. 1997-இல் மின்கம்பங்களைச் சுற்றியும் தெருவோரப் பள்ளத்திலும் களையைக் கொல்ல ஷ்மைசர் ரவுண்டப் தெளித்தார். அங்கே நின்ற கனோலாவில் ஒரு பகுதி சாகவில்லை. உடனே தன் வயலில் மூன்று ஏக்கர் அளவுக்குத் தெளித்துப் பார்த்தார். ஏறத்தாழ 60 சதவீதம் பிழைத்து நின்றது. அந்த வயலின் அறுவடையைத் தனியே எடுத்துவைத்து, அடுத்த ஆண்டு சுமார் 1,030 ஏக்கரில் விதைத்தார். சோதித்தபோது பயிரில் 95 முதல் 98 சதவீதம் மொன்சாண்டோவின் மரபணு கொண்டது என்று தெரிந்தது. முதல் விதை எப்படி வந்தது என்பது நிறுவப்படவில்லை. நீதிமன்றத்துக்கு அது தேவைப்படவும் இல்லை. வந்ததற்காக அல்ல, வந்தது இன்னதென்று அறிந்தும் எடுத்துவைத்து விதைத்ததற்காகத்தான் வழக்கு நின்றது.

இனிச் சட்டம். 1993-இல் வழங்கப்பட்ட அந்தக் காப்புரிமை செடியைக் கோரவில்லை. மரபணுவையும் அது புகுத்தப்பட்ட உயிரணுவையும்தான் கோரியது. செடியைக் கோரியிருந்தால் கிடைத்திருக்காது. ஏனென்றால் 2002 டிசம்பரில் இதே உச்ச நீதிமன்றம், ஹார்வர்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய புற்றுநோய் எலிக்குக் காப்புரிமை இல்லை என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்த்திருந்தது. உயர்நிலை உயிர்களைச் சட்டத்தில் சொல்லப்பட்ட உற்பத்திப் பொருளாகவோ பொருட்கலவையாகவோ கொள்ள முடியாது, வேண்டுமென்றால் பாராளுமன்றம் சட்டத்தை மாற்றட்டும் என்றார்கள். பதினேழு மாதம் கழித்து, 2004 மே 21 அன்று, மறுபடியும் 5-க்கு 4. இந்தமுறை முடிவு மறுபக்கம் சாய்ந்தது. செடி உங்களுடையதாக இருக்கலாம், ஆனால் செடியை வளர்ப்பது அதன் ஒவ்வோர் உயிரணுவையும் பயன்படுத்துவதுதான் என்றது பெரும்பான்மை. லெகோ கட்டைகளை உவமையாகச் சொன்னார்கள்: கட்டைக்கு மட்டும் காப்புரிமை இருந்தாலும் அதை வைத்துக் கட்டிய வீடும் மீறலாகலாம். லெகோ தானாக முளைப்பதில்லை என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்ல. அது பெரிய வித்தியாசமில்லை என்று கருதினார்கள்.

எலி வழக்கில் காப்புரிமை கொடுக்கலாம் என்ற சிறுபான்மையில் நின்றவர் லூயிஸ் ஆர்பர். கனோலா வழக்கில் மாற்றுத் தீர்ப்பை எழுதியவரும் அவரேதான். முழு உயிருக்கு உரிமை இல்லையென்று தீர்த்துவிட்டு, உயிரணுவின் வாசல் வழியாக அதே உரிமையை உள்ளே விடக்கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். தான் தோற்ற ஒரு தீர்ப்பை உறுதியாகக் காப்பாற்ற முயன்றிருக்கிறார். சில வாரங்களில் நீதிமன்றத்தை விட்டு ஐ.நா. மனித உரிமை ஆணையாளராகப் போனார். 2007-இல் இலங்கைக்கு வந்தவர் என்பதால் நம்மில் பலருக்கு அந்தப் பெயர் வேறொரு காரணத்துக்காக நினைவிருக்கும்.

பெரும்பான்மையின் இன்னொரு வாதம் எனக்குத் தொழில்முறையில் பழக்கமானது. ஷ்மைசர் 1998 பயிருக்கு ரவுண்டப் தெளிக்கவில்லை. பிறகு எப்படி அது பயன்பாடு ஆகும்? தேவைப்பட்டால் தெளிக்கலாம் என்ற வசதி கையில் இருப்பதே பயன்பாடு என்றார்கள். கப்பலில் பொருத்திவைத்த பம்பு ஓடாமல் நின்றாலும் அது பயணத்துக்குத் துணைதான். மென்பொருள் உரிமத் தணிக்கையும் இப்படித்தான். ஒரு வாடிக்கையாளருக்காக அப்படியொன்றில் இருந்திருக்கிறேன். வந்தவர்கள் நீங்கள் இதை ஓட்டினீர்களா என்று கேட்கவில்லை, நிறுவியிருக்கிறீர்களா என்றே கேட்டார்கள். பேரிடர் வந்தால் உதவும் என்று வைத்து, இரண்டு வருடமாக யாரும் தொடாத சர்வர்களுக்கும் கணக்கு வந்தது. அதில் எனக்குப் பெரிய நியாயக் குறை தெரியவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆனால் எந்த மென்பொருளும் பக்கத்துக் கட்டடத்திலிருந்து தேனீயின் காலில் ஒட்டிக்கொண்டு வந்து நம் சர்வரில் தானே ஏறிக்கொள்வதில்லை. ஏக்கருக்கு 15 டொலர் கட்டி, விதை எடுத்துவைக்கமாட்டேன் என்று எழுதிக்கொடுத்த கமக்காரர்கள் வேறு. ஷ்மைசர் எதிலும் கையெழுத்துப் போட்டவர் அல்ல.

இங்கேதான் எனக்குக் குழப்பம் தொடங்குகிறது. என் அப்பப்பா வன்னியில் நெல் விதைத்தவர். வயலில் எந்த மூலை நன்றாக விளைந்திருக்கிறதென்று நடந்து பார்த்து, அதை வேறாக அறுத்து விதைநெல்லுக்கு வைப்பார். பிழைத்ததைக் கவனி, பிழைத்ததை எடுத்துவை. பயிர்ச்செய்கை தொடங்கிய நாளிலிருந்து கமக்காரனின் அறிவு இதுதான். ஷ்மைசரும் ஐம்பது ஆண்டுகளாகத் தன் விதையைத் தானே தேர்ந்து வந்ததாகச் சொன்னவர். 1997-இல் அவர் செய்தது அதே காரியமா? ஒரு வகையில் ஆம். இன்னொரு வகையில் இல்லை: அவர் பிடித்த சல்லடை ரவுண்டப். அந்தச் சல்லடையில் தங்குவது வேறொருவர் பல ஆண்டு ஆய்வுகூடத்தில் பாடுபட்டுச் செய்தது மட்டும்தான். மழை குறைந்தபோது தாக்குப்பிடித்த செடியைத் தேர்வதும் இதுவும் ஒன்றென்று என்னால் மனதாரச் சொல்ல முடியவில்லை. அவரைத் திருடர் என்றும் சொல்ல முடியவில்லை.

அறிதல்தான் சிக்கல். தன் வயலைக் கவனிக்காதவன் தப்பிக்கிறான். கவனித்துப் பார்த்து இது என்னவென்று கண்டுபிடித்தவன், கண்டுபிடித்த கணத்திலிருந்து கடமைப்பட்டவனாகிறான். பயிர் கையில் இருந்தாலே பயன்படுத்தியதாக அனுமானம். வளர்க்கும் எண்ணம் இல்லையென்று காட்டும் பொறுப்பு அவன் தலையில். அப்படியானால் நல்ல கமக்காரன் என்ன செய்திருக்க வேண்டும்? தன் சொந்த விளைச்சலை, தன் சொந்தப் பரம்பரை விதை கலந்திருந்த விளைச்சலை, மொத்தமாகக் கைவிட்டிருக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்குத் தீர்ப்பில் நேரான பதில் இல்லை. இந்தியாவின் 2001-ஆம் ஆண்டுப் பயிர் வகைகள் பாதுகாப்புச் சட்டம் வேறு முனையிலிருந்து தொடங்குகிறது. அதன் 39-ஆம் பிரிவு விதையை எடுத்துவைக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது, வணிகப் பெயரிட்டு விற்பதைத் தவிர. 42-ஆம் பிரிவு அறியாமல் மீறியவரைக் காக்கிறது. பொறுப்பு யார் தலையிலிருந்து தொடங்குகிறது என்பதில்தான் இரண்டு சட்டங்களும் பிரிகின்றன.

ஊரில் கட்டாக்காலி மாட்டுக்கு ஒரு முறை இருந்தது. வேலி தாண்டி வந்த மாட்டை நான் வைத்துக்கொள்ள முடியாது. அது மேய்ந்த பயிருக்கு மாட்டுக்காரன் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் நியாயம். ஷ்மைசர் வழக்கின் விசாரணை நீதிமன்றத்திலும் இப்படியொரு ஒப்புமை வந்தது: அடுத்தவன் காளை வேலி பாய்ந்தாலும் கன்று பசுவின் சொந்தக்காரனுக்குத்தான். செடி அவருடையதாக இருக்கலாம், மரபணுவைப் பயன்படுத்தும் உரிமை அவருடையதல்ல என்று நீதிபதி பதில் சொன்னார். காளையின் வாதத்தில் பாதியை ஏற்றுப் பாதியைத் தள்ளிய பதில். மேய்ந்த பயிர் பற்றிய பேச்சு அந்த வழக்கில் எழவே இல்லை.

2004-இல் ஷ்மைசர் தோற்றார், ஆனால் ஒரு சதமும் கட்டவில்லை. மரபணுவால் அவருக்குத் தனியே எந்த லாபமும் வரவில்லை, ஆகவே திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை என்று நீதிமன்றம் கீழ்க்கோர்ட் விதித்த 19,832 டொலரை நீக்கியது. வழக்குச் செலவை அவரவரே பார்த்துக்கொண்டார்கள். ஓராண்டு கழித்து அதே கனோலா மறுபடி அவர் வயலில் முளைத்தது. அகற்றித் தருகிறோம், ஆனால் இந்த நிபந்தனைகளில் கையெழுத்துப் போடுங்கள் என்றது நிறுவனம். அவர் மறுத்து, தானே ஆள்வைத்துப் பிடுங்கி, பில்லை அனுப்பி, சிறு உரிமைகோரல் நீதிமன்றத்துக்குப் போனார். 2008 மார்ச்சில் நிறுவனம் நிபந்தனையில்லாமல் பணத்தைக் கொடுத்தது. 660 டொலர்.