படைத்தலைவனும் அமானிதமும்

ஒப்படைக்கப்பட்ட பொறுப்பைத் திறம்பட வளர்த்தவருக்கு அது சொந்தமாகிவிடுமா?

1755-இல் மைசூர் அரசின் பவுஜ்தாராக நம் திண்டுக்கல்லுக்கு வந்தார் ஹைதர் அலி. பாளையக்காரர்களை அடக்கினார், பிரெஞ்சுக்காரரின் துணையுடன் படைக்கலச் சாலை நிறுவினார். இங்கே திரண்ட வலிமை துணைநிற்க, 1761-இல் மைசூர் ஆட்சியையே கைப்பற்றினார். மன்னர் பெயரளவில் எஞ்சினார்.

மங்கோலியத் தளபதி கித்புகாவோ தம் தலைவர் ஹுலாகுவுக்கு இறுதிவரை விசுவாசம் காத்தார். 1260 செப்டம்பரில் அய்ன் ஜாலூத் களத்தில் மம்லூக்குகளிடம் தோற்று உயிரிழந்தார். ஆயினும், 1258-இல் பக்தாதை அழித்த படையை நடத்தியவர்களுள் அவரும் ஒருவரன்றோ?

இவர் தலைவனின் நம்பிக்கையைக் காத்தார், மக்களுக்கு இரங்கினாரில்லை. அவர் ஆங்கிலேயரை எதிர்த்த மாவீரர். எனினும் அமானிதத்தைத் தமதாக்கிக்கொண்டார். அந்நியர் என்று இவரைப் பழித்து, நம்மவர் என்று அவர் குறையை மறைப்பது நீதியாகாது.

விசுவாசம் கொடுமைக்குத் துணைபோகலாகாது; திறமை உரிமையாகிவிடாது. வக்ஃபு காக்கும் முத்தவல்லிக்கும், அநாதையின் சொத்தைப் பேணும் உறவினருக்கும் நாம் ஏந்த வேண்டிய தராசும் இதுவே.