கொண்ட கருத்தும் கண்ட மெய்ம்மையும்



பிரதிக்கிரமணத்தில் அமரும்போது, மனம், மொழி, மெய்களால் நேர்ந்த பிழைகளை எண்ணி வருந்துகிறோம். ஆயின், நாம் பற்றிக் கொண்டிருக்கும் அரசியல் கருத்துகளை ஒருநாளேனும் அவ்வாறு சோதித்ததுண்டா? "முப்பது ஆண்டுகளாக ஒரே கட்சிக்குத்தான் வாக்களிக்கிறேன்" என்று பெருமை பேசுகிறோம். தேர்தல் முடிந்து பல திங்கள் சென்றபின்னும் அண்ணன் தம்பியர் முகம் பாராதிருக்கும் இல்லங்களும் நம்மிடையே உள்ளன. சான்று கண்முன் வந்து நின்றபோதும் மாறாதிருப்பது மனவுறுதியன்று. ஒருபக்கமே பற்றி நிற்கும் ஏகாந்தம் அது. மித்தியாத்துவத்தின் வகைகளுள் ஒன்றாக அதனை நம் ஆசாரியர்கள் எண்ணினர்.

காந்தியடிகளின் வாழ்வை நோக்குவோம். 1891-இல் பம்பாயில் சமணப் பேரறிஞர் ஸ்ரீமத் ராஜசந்திரரைச் சந்தித்துப் பயன் பெற்றவர் அவர். அநேகாந்தக் கொள்கை தமக்கு மிக உவப்பானது என்று பிற்காலத்தில் எழுதியவர். அவரே நெடுங்காலம் பிரித்தானியப் பேரரசின் நேர்மையை நம்பியிருந்தார். 1918-இல் கேடா மாவட்டத்தில் அதன் படைக்கு ஆள் திரட்டவும் முற்பட்டார். 1919 ஏப்ரல் 13-இல் ஜாலியன் வாலாபாக் படுகொலை நிகழ்ந்தது. அரசின் கணக்குப்படியே மாண்டவர் 379 பேர். அதன் பின்னரும், அவ்வாண்டு டிசம்பரில் அமிர்தசரசில் கூடிய காங்கிரசு மாநாட்டில், அரசின் சீர்திருத்தங்களுக்கு ஒத்துழைக்கலாம் என்றே அவர் வாதிட்டார்.

இதனிடையே, பஞ்சாபில் நடந்தவற்றை ஆராயக் காங்கிரசு அமைத்த குழுவில் அவர் ஊர் ஊராகச் சென்று மக்களின் வாக்குமூலங்களைக் கேட்டார். சிறிதேனும் ஐயத்திற்கு இடமான கூற்று எதுவும் 1920 மார்ச்சில் வெளிவந்த அறிக்கையில் இடம்பெற அவர் இசையவில்லை. அவ்வாண்டு சூலையில், சுட ஆணையிட்ட டயருக்குப் பரிந்த தீர்மானத்தைப் பிரபுக்கள் சபை 129-க்கு 86 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. கிலாபத் சிக்கலில் நேர்ந்த ஏமாற்றமும் சேர்ந்தது. ஆகஸ்டு 1-இல், 1915-இல் பெற்ற கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கத்தையும், தென்னாப்பிரிக்கப் பணிகளுக்காகப் பெற்ற இரு பதக்கங்களையும் அரசப் பிரதிநிதியிடம் திருப்பி அனுப்பி, ஒத்துழையாமையைத் தொடங்கினார்.

இதில் நாம் கற்க வேண்டியவை மூன்று. வதந்தி கேட்டு அவர் மாறவில்லை. தம் பக்கத்தார் கூறியவற்றையும் சோதித்தே ஏற்றார். ஆதாயம் கருதி மாறவில்லை; பெற்றிருந்த சிறப்பைத் துறந்தே மாறினார். மாறியபின் ஆங்கிலேயரைப் பகைக்கவுமில்லை. தீமையோடு ஒத்துழையாமை வேறு, மனிதரை வெறுத்தல் வேறு என உணர்ந்திருந்தார்.

சியாத்வாதம் ஐயவாதமன்று. எல்லாக் கருத்தும் ஒன்றே என்பதும் அதன் பொருளன்று. நாம் கண்டது ஒரு கோணமே என்று அறிந்து, மறுகோணம் புலப்படும்போது அதனை ஏற்கும் நேர்மையே அதன் பயன். தேடிப் பிடித்த பொய்யால் பழைய கருத்தைக் காப்பது சத்திய விரதத்திற்கு இழுக்காகும்.

இன்று சாமாயிகத்தில் அமரும்போது நம்மையே வினவுவோம்: "எத்தகைய சான்று வந்தால் இக்கருத்தை விடுவேன்?" விடை ஏதும் தோன்றாவிடில், நாம் காப்பது மெய்ம்மையையன்று, மானத்தை என்று உணர்வோம். பிணங்கி நிற்கும் உடன்பிறந்தார் இல்லத்திற்கு நாமே முதலில் சென்று, அவர் கூறுவதை முழுதும் செவிமடுப்போம். நற்காட்சி அங்கிருந்தும் தொடங்கலாம்.

நல்லறம் வளர்க!