கிண்ணமும் கலயமும்

சென்னையில் நண்பர் ஒருவர் நட்சத்திர ஹோட்டல் விருந்துக்கு அழைத்துப் போனார். நெருப்பில் வாட்டிய மாட்டிறைச்சித் துண்டம். கூடவே, அந்த இடத்தின் பெருமை என்று, பழச்சாறு கலந்த ரம். கரும்பாலைக் கழிவுப் பாகில் வடித்ததுதான். "பேஷ்!" என்று நானும் சப்புக் கொட்டினேன்.

விளாத்திகுளம் வந்ததும் எங்கள் பனையேறி அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர்; தடவாவிட்டால் கள், 1987-இல் வந்த தடைப்படி குற்றம். ஒரு முறை அபராதம் கட்டியவர் அவர். கள்ளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. குடியால் அழிந்த கரிசல் குடும்பங்களைப் பார்த்தவன்தான். ஆனால் கெடுதல் என்றால் கிண்ணத்திலும் கெடுதல்தானே? ஹோட்டலுக்கு லைசென்ஸ், இவருக்கு அபராதம் என்றால் அது எந்தத் தர்மத்தில் சேர்த்தி?

"ஒரு கிளாஸு என்ன வெலை தம்பி?" என்றார் அண்ணாச்சி.

பாதியாகக் குறைத்துச் சொன்னேன். பாளையருவாளைத் தீட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.